ஒரு ஸ்டீயரிங்குக்கு நாலு கை

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே என்னிடம் ஓடி வருகிறீர்கள். "பெரியவரே, ரெண்டு எடத்துல கூப்புடுறாங்க, எதுல ஏறலாம்?" என்கிறீர்கள். சம்பளம் என்ன, பேட்டா என்ன, கேபினில் படுக்க இடம் உண்டா, எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வருகிறீர்கள். நல்ல பிள்ளைகள். உங்கள் வயதில் நான் விசாரித்தது ஒன்றே ஒன்று. வண்டி என்ன நிறம்? பச்சை என்றார்கள். ஏறிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். அந்தப் பச்சையை நீங்கள் பார்த்ததில்லை. மழை விட்டதும் அடையாற்றுக் கரையில் புல் முளைக்குமே, அந்தப் பச்சை.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. குண்டு விழும் என்று பயந்து பட்டணமே காலியாகி, ஒன்றும் விழவில்லை என்று தெரிந்து எல்லோரும் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்துவிட்ட சமயம். ஓட்டத் தெரிந்தவனையெல்லாம் மிலிட்டரி அள்ளிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருந்தது கிழவர்களும் என்னைப் போன்ற புதுசுகளும்தான். அதனால் கல்யாணச் சந்தையில் மாப்பிள்ளைக்கு இருந்த கிராக்கி, லைசென்ஸ் வைத்திருந்தவனுக்கு இருந்தது. அதுவரை நான் கிளீனர். பல வருஷம் மற்றவர்கள் ஓட்டிய வண்டியைக் கழுவியவன். லைசென்ஸ் பரீட்சைக்கு வந்த சட்டைக்கார சார்ஜென்ட், அதாவது ஆங்கிலோ இந்தியன், என் பக்கத்தில் உட்கார்ந்து தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கடற்கரை ரோட்டில் ஓட்டச் சொன்னார், திருப்பச் சொன்னார், இறங்கும்போது "குட்" என்றார். எனக்குத் தெரிந்த ரெண்டு மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளில் அது ஒன்று. மயிலாப்பூர் வரைக்கும் "குட், குட்" என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்தேன். பைத்தியம் என்று நினைத்து ஒரு நாய் கூட விலகிப் போனது.

அந்த வாரமே தியாகராய நகரில் ஒரு மரக்கடை முதலாளி ஆள் அனுப்பினார். போனேன். கடை வாசலில் நிற்கிறது பச்சை லாரி. முன்னால் பூ மாலை. பெட்ரோல் வண்டி! அந்த நாளில் பெட்ரோல் ரேஷன். முக்கால்வாசி லாரி கரியில் ஓடியது என்றால் நம்புவீர்களா? பின்னால் ஒரு பெரிய இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் ஓட்டுவார்கள். காலையில் அடுப்பு மூட்டி, விசிறி சுற்றி, வண்டி மனசு வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். டிரைவர் வீட்டுக்குப் போனால் பெண்டாட்டிக்கு அடையாளம் தெரியாது. மரக்கடை முதலாளிக்கு ஏதோ சர்க்கார் வேலைக்கு மரம் போய்க்கொண்டிருந்ததால் பெட்ரோல் கிடைத்தது.

முதலாளி நல்ல உடம்பு. வெள்ளை வேட்டி, கையில் எப்போதும் ஒரு குடை. சம்பளம் சொன்னார், கூடத்தான். காக்கிச் சட்டை தைத்துத் தருகிறேன் என்றார். அப்புறம், "நைனா, ஏறி ஹாரன் அட்ச்சுப் பாரு" என்றார். அடித்தேன். எலெக்ட்ரிக் ஹாரன். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் இறங்குவதற்குள் தட்டில் வெற்றிலை பாக்கு வந்துவிட்டது, மேலே ஒரு வெள்ளி ரூபாய்.

நம் தொழிலில் அப்போது காகிதம் கீகிதம் கிடையாது. வெற்றிலை கை மாறினால் பேச்சு முடிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறினவன் பேர் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பீச் வரைக்கும் நாறிப் போகும். புதுசா வந்தவனுக்கோ சொல்லவே வேண்டாம். முதல் வண்டியை விட்டு ஓடினவன் என்று ஒரு பேச்சு கிளம்பினால், மறுபடி கிளீனர் வாளிதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். வாங்கினதோடு விட்டேனா? வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். ரூபாயை டவுசர் பையில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் துப்பிக்கொண்டு, ராஜா மாதிரி நடந்தேன்.

வழியில் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். சாந்தோம் மாதா கோயில் பங்குப் பிள்ளை, என்னோடு கிளீனராக இருந்து எனக்கு முன்னால் லைசென்ஸ் எடுத்தவன். கொஞ்ச நாள் அந்தப் பச்சை லாரியில் இருந்துவிட்டு, இப்போது ஒரு டாக்டர் வீட்டுக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சி, பச்ச லாரி எனுக்குத்தான்!" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர்.

"இன்னாடா சிரிக்கிற? நீயுந்தானே அத்த ஓட்டுன?"

"ஓட்டுனேனா? நானா?" மறுபடியும் சிரிப்பு. "சொன்னா நம்ப மாட்ட மச்சி. ஏறு. ஏறிட்டு வந்து நீ எனுக்குச் சொல்லு."

பொறாமை என்று நினைத்தேன். தம்பிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு வண்டியை எனக்கு முன்னால் ஓட்டினவன் என் எதிரில் நிற்கிறான், வயிறு வலிக்கச் சிரிக்கிறான். அவன் கையைப் பிடித்து உட்கார வைத்து, "ஏன்டா எறங்கின?" என்று கேட்கவேண்டாமா? நான் கேட்டது, "அந்த ஹாரன் சத்தம் எப்டி கீது, சொல்லு!"

வீட்டுக்கு வந்தால் இன்னொரு அழைப்பு காத்திருக்கிறது. அடையாற்றுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்த ஒரு அம்மா கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். ஆற்று முகத்துவாரத்தில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர்களுக்கு விற்கிற காளவாய். புருஷன் போன பிறகு அந்த அம்மாவே நடத்தினார்கள். பொங்கல் வருகிற நேரம். ஊர் பூரா வெள்ளையடிக்கும். சுண்ணாம்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, டிரைவர் மிலிட்டரிக்குப் போய்விட்டான்.

பெரிய மனுஷி கூப்பிட்டால் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று போனேன். அந்த லாரியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கரி லாரி. முன்பாதி லாரி, பின்பாதி காபி ஓட்டல் பாய்லர். நிறம் என்று ஒன்று இருந்திருக்கலாம். மேலே சுண்ணாம்பு, கீழே கரி.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "ஏண்டா, எவன் வெத்தலடா உன் வாயில?" என்றார்கள்.

"தி.நகர் மரக்கட முதலாளிம்மா."

"கொடைக்காரனா? பச்ச லாரியா?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான். அந்த அம்மாவும் ஆரம்பித்துவிட்டார்கள். காளவாயில் வேலை செய்த பெண்களைக் கூப்பிட்டு, "அடியே, இங்க வாங்கடி, பச்ச லாரிக்குப் புது மாப்ள வந்துகிறான் பாருங்கடி!" என்று காட்டினார்கள். எல்லோருக்கும் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இன்னாம்மா கீது அந்த வண்டில?"

"வண்டி தங்கம்டா. வண்டிய யாரு கொற சொன்னா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "போ, போய் ஏறு. வெத்தல தின்னவன இஸ்துக்கினு வர்ற பழக்கம் எனுக்கு இல்ல. ஆனா வேற ஆளு கெடச்சா வச்சிக்குவேன், அப்பால வந்து நின்னுக்கினு அழுவாத."

ஒரே நாளில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு அப்பவும் உறைக்கவில்லை. மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, விபூதி பூசி, பச்சை லாரியின் முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏறி உட்கார்ந்தேன். பின்னால் தேக்கு உத்தரம் லோடு. சாந்தோமில் ஒரு கட்டிடத்துக்குப் போகவேண்டும். லோடு மேல் கூலியாட்கள் உட்கார்ந்துகொண்டார்கள். செல்ஃபைத் தொடப் போகிறேன், இடது பக்கக் கதவு திறக்கிறது. முதலாளி ஏறுகிறார், குடையோடு.

"போலாம் நைனா. மெள்ள. கிளச்ச அமுத்து."

அமுத்தித்தான் இருந்தேன்.

"கியரப் போடு. ஆங். வுடு வுடு வுடு. மாடு வருது பாரு! பிரேக்கு!"

மாடு பனகல் பார்க்குக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது ஆரோக்கியம் ஏன் சிரித்தான் என்று. முதலாளி வாயால் வண்டி ஓட்டுகிறவர். வாயோடு போனாலும் பரவாயில்லை. எதிரே கோழி வந்தால் குடையால் கண்ணாடியைத் தட்டுவார். நான் பிரேக் போடுவதற்கு முன்னால் அவர் கால் தரையை மிதிக்கும். கியர் மாற்றும்போது "உர்ர்ர்" என்று அவரே சத்தம் போடுவார். ஹாரனுக்கு என் கை போவதற்குள் அவர் குறுக்கே சாய்ந்து அடித்துவிடுவார். நான் ஆசைப்பட்ட அந்த ஹாரனை அன்று ஒரு தடவை கூட நான் அடிக்கவில்லை! மேலே உட்கார்ந்திருந்த கூலிகளின் சிரிப்பு கேபின் கூரை வழியாகக் கேட்டது. பாதி வழியில் என் கண் ரோட்டில் இல்லை. இந்த மனுஷன் அடுத்து என்ன செய்வாரோ என்று அவர் கையிலேயே இருந்தது. டிரைவருக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

லஸ்ஸைத் தாண்டினால் கால்வாய்ப் பாலம். அந்த நாளில் ஒட்டகத் திமில் மாதிரி இருக்கும். கீழே விறகுப் படகு போகவேண்டுமே. ஏறும்போது அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. எனக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மாடு நின்றுவிட்டது. நான் வேகத்தைக் குறைத்தேன், நிறுத்த இடம் தாராளமாக இருந்தது. அதே நேரம் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கமாக ஒரு கை ரிக்‌ஷா இறங்குகிறது. உள்ளே ஒரு மாமி, மடியில் பித்தளை அண்டா. இறக்கத்தில் ரிக்‌ஷாக்காரனால் பிடிக்க முடியாது. வண்டிதான் அவனைத் தள்ளிக்கொண்டு வரும்.

முதலாளி ரிக்‌ஷாவைப் பார்க்கவில்லை. மாட்டைத்தான் பார்த்தார். "மாடு! மாடு! சோத்தாங்கைப் பக்கம் வெட்டுடா!" என்று கத்திக்கொண்டே குடையை விட்டுவிட்டு ரெண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தார்.

நேராக ரிக்‌ஷா மேலே.

அந்த நேரத்தில் மனசு என்ன நினைக்கும் என்று கேட்பீர்கள். ஒன்றும் நினைக்காது. இடது முழங்கையால் அவர் நெஞ்சில் ஒரு தள்ளு தள்ளினேன். சம்பளம் கொடுக்கிற நெஞ்சு! பிரேக்கில் ஏறி நின்றேன். ஸ்டீயரிங்கை இடது பக்கம் பிடுங்கினேன். முன்சக்கரம் பாலத்துச் சுவரில் உரசி, பச்சைப் பெயிண்டைத் தேய்த்து, லாரி மாட்டு வண்டியின் வைக்கோலுக்குப் பின்னால் வந்து நின்றது. உத்தரம் எல்லாம் ஒரு தடவை முன்னால் வந்து கேபினை இடித்தது. ரிக்‌ஷா எங்களை உரசிக்கொண்டு இறங்கிப் போயிற்று. போகிற போக்கில் மாமி கேபினுக்குள் பார்த்தாள். ஸ்டீயரிங்கில் நாலு கை.

"கடங்காரா! ஒரு வண்டிக்கு ரெண்டு பேரா ஓட்டறேள்? யாராவது ஒருத்தர் ஓட்டித் தொலைங்கோளேன்!"

பாலம் முழுக்கச் சிரித்தது. முதலாளிக்கு மூச்சு வாங்கியது. வாங்கி முடித்ததும் சொன்னார்: "பாத்தியா நைனா? நான் மட்டும் புடிக்கலேன்னா அந்தம்மா போயிருக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு, சாவியைக் கால்வாயில் எறிந்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வண்டி நிற்பது மேட்டில், பின்னால் தேக்கு லோடு, அதற்குப் பின்னால் ஜனம். கோபம் வந்தால் முதலில் கைபிரேக்கைப் போடுங்கள் தம்பிகளா. நான் போட்டேன். கூலிகளைக் கூப்பிட்டுச் சக்கரத்துக்கு மரக்கட்டையை முட்டுக் கொடுக்கச் சொன்னேன். அப்புறம்தான் முதலாளி பக்கம் திரும்பினேன்.

அந்த நிமிஷத்தில் எனக்கு ரெண்டு பயம். இறங்கிப் போனால் முதல் நாளே வண்டியை விட்டு ஓடினவன், மறுபடி வாளி. இறங்காமல் போனால் அடுத்த பாலத்தில் அண்டா இருக்காது, மாமியும் இருக்க மாட்டாள். யோசித்துப் பார்த்தேன். வெற்றிலைக்கு நான் பட்ட கடன் அந்த லோடு. லோடு போய்ச் சேரவேண்டும். அதற்கு மேல் கிடையாது.

"மொதலாளி, எறங்குங்க."

"இன்னாது?"

"இந்த லோட சேதாரம் இல்லாம சாந்தோம்ல எறக்கிக் குடுக்கிறேன். அதுவரைக்கும் நீங்க நடந்து வாங்க."

"என் வண்டிடா இது!"

"உங்க வண்டிதான். அதனாலதான் சொல்றேன். இல்லேன்னா நீங்க இந்தாண்ட வந்து உக்காருங்க, நான் நடந்து வரேன்."

அவருக்கு ஓட்டத் தெரியாது. இறங்கினார். இறங்கினவர் பேசாமல் ஓரமாக நடந்தாரா? லாரிக்கு முன்னால் போய் நின்று, குடையை விரித்து, பின்பக்கமாகவே நடந்துகொண்டு, "வா... வா... வா... பீச்சாங்கைப் பக்கம் ஒடி..." என்று வழி காட்ட ஆரம்பித்துவிட்டார். கச்சேரி ரோடு நெடுக அப்படியே வந்தார். முன்னால் குடை, பின்னால் மாலை போட்ட லாரி, சுற்றிலும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள். யாரோ ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஏதோ சாமி வருகிறது என்று. எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. கேபினில் தனியாக உட்கார்ந்து, அழுகிற மாதிரி சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தப் பச்சை லாரி என்னமாய் ஓடியது! வெண்ணெய். அம்மா சொன்னது சரி, வண்டி தங்கம்.

சாந்தோமில் லோடு இறங்கியது. பக்கத்துக் கடையில் வெற்றிலை பாக்கு வாங்கி, அவர் கொடுத்த அதே ரூபாயை மேலே வைத்து, எல்லோர் எதிரிலும் ரெண்டு கையாலும் நீட்டினேன்.

முதலாளி வாங்கிக்கொண்டார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கிவிட்டது. "இருக்கறதெல்லாம் இதுல போட்டுட்டேன் நைனா. ஓட்டத் தெரியாது. இன்னொருத்தன் கையில குடுத்துட்டு எப்டிரா சும்மா குந்தறது?"

இன்றைக்கும் அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் பாவப்பட்டு ஒரு வண்டியில் ஏறக்கூடாது. கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

நடந்தேன் என்று சொல்கிறேன், ஓடினேன். அடையாறு பாலம் தாண்டும்வரை ஓட்டம்தான். அந்த அம்மா வேறு ஆள் பிடித்திருந்தால்? காளவாய்க்குப் போனபோது லாரியில் மூட்டை ஏற்றியாகிவிட்டது. அம்மாவே பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் கரி, புருவத்தில் சுண்ணாம்பு. டிரைவர் சீட் காலி.

என்னைப் பார்த்ததும், "இன்னா மாப்ள, மறுவூட்டுக்கு வந்துகிறியா?" என்றார்கள். பின்னால் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தட்டைக் கொண்டு வரச் சொன்னார்கள். "இருங்கம்மா, வெத்தல அப்பால," என்றேன். "மின்னாடி ஓட்டுனவன் ஏன் போனான்?"

"மிலிட்டரில கறி போடறாங்கன்னு போனான். அவுங்க அம்மா மந்தவெளில கீது, போய்க் கேட்டுக்கினு வா."

"பிரேக்கு?"

"ஓட்டிப் பாத்து நீ சொல்லு. இல்லேன்னா மூட்டைய எறக்கிடறேன்."

"நீங்க எங்க குந்துவீங்க?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "நான் எங்க குந்துனா உனுக்கு இன்னாடா?"

"சொல்லுங்கம்மா."

"மேல. மூட்ட மேல. கேபின்ல மன்சன் குந்துவானா? ஒரே சூடு."

காளவாயை ஒரு சுற்றுச் சுற்றி பிரேக்கைப் பார்த்தேன், பிடித்தது. மயிலாப்பூருக்குக் கிளம்பினோம். ஓட்டமா அது? கரி லாரிக்கு மூடு வந்தால் ஓடும், இல்லையென்றால் இருமும். மாட வீதியில் மூட்டைகளை இறக்கி, வெறும் சாக்குகளோடு திரும்பினோம். அடையாறு பாலத்து நடுவில் வண்டி ரெண்டு இருமல் இருமி நின்றே விட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். சைக்கிள்காரர்கள் திட்டுகிறார்கள். மேலேயிருந்து இப்போது சத்தம் வரும், "அத்தச் செய்டா, இத்தச் செய்டா" என்று வரும், அந்தச் சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை என்று காத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் வரவில்லை.

இறங்கிப் பின்னால் போனேன். பீப்பாயில் கரியைக் கிளறினேன், விசிறியைச் சுற்றினேன், நெருப்பு பிடித்தது. படியில் ஏறி மேலே எட்டிப் பார்த்தேன். காலிச் சாக்குகளுக்கு நடுவில் அம்மா கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, ஆற்றுக் காற்றில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ்காரன் போட்ட சத்தத்துக்குக் கூட அசையவில்லை.

பஸ்காரனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, காளவாய் வாசல் வரை கண்ணாடிப் பாத்திரம் ஏற்றினவன் மாதிரி ஓட்டி வந்தேன். வண்டி நின்றதும் அம்மா எழுந்து உட்கார்ந்தார்கள். சாக்கு நார் ஒட்டின முகத்தோடு சுற்றிலும் பார்த்தார்கள்.

"இன்னாடா, வந்துட்டமா?"

"வந்துட்டோம்மா. இப்ப குடுங்க வெத்தலய."